தோலோடு அவித்தது

என் மாமியார் வள்ளியாத்தாள் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜைப் பார்த்துத்தான் சொல்வார். "பால் தீந்துபோச்சுங்க" என்பது ஃப்ரிட்ஜுக்கு. "நான் போய்ப் படுக்கறனுங்க" என்பதும் ஃப்ரிட்ஜுக்குத்தான். கோபிச்செட்டிபாளையம் பக்கம் மாமியார்கள் மாப்பிள்ளை எதிரே உட்காரமாட்டார்கள், முகம் பார்த்துப் பேசமாட்டார்கள், எதிரில் வைத்துச் சாப்பிடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். நானும் பெருந்துறைக்காரன்தான். ஆனால் டெக்சாஸில், ரிச்சர்ட்சனில், வாடகை வீட்டு ஹாலில் இதெல்லாம் நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் ஹாலுக்கு வந்தால் அவர் சோபாவிலிருந்து எழுந்துவிடுவார். நான் எழுந்து போனால்தான் அவர் உட்காருவார். அவர் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் மியூசிக்கல் சேர் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பெண் வான்மதி, அதாவது என் மனைவி, வீட்டில் இருந்தவரை இது பிரச்சினையாக இல்லை. "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு வானு" என்பார் அத்தை, என் தலைக்கு நேர் மேலே கரண்டியோடு நின்றுகொண்டு. வானு என்னிடம் கேட்பாள். நான் வானுவிடம் வேண்டுமென்பேன். ரசம் விழும். வான்மதி ஆஸ்பத்திரியில் டாக்டர். ஜனவரி கடைசியில் அவளுக்கு நைட் டியூட்டி போட்டார்கள். பகலெல்லாம் தூங்குவாள், சாயங்காலம் கிளம்பிவிடுவாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற நானும் அத்தையும் ஃப்ரிட்ஜும் மிஞ்சினோம்.

சமையலும் என் தலையில் விழுந்தது. அத்தை அடுப்பைத் தொடமாட்டார். வந்த புதிதில் கடுகு தாளித்தபோது ஸ்மோக் அலாரம் அலறி, அலாரம் கம்பெனிக்காரன் தகவல் சொல்லி, ஃபயர் டிரக் வந்து, இரண்டு ஆறடி ஆட்கள் பூட்ஸ் காலோடு சமையலறைக்குள் நுழைந்து வாணலியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றோடு சரி. அந்தக் கண்ணாடி அடுப்பைக் கண்டாலே அவர் ஒதுங்கி நடந்தார்.

எனக்கு அதில் வருத்தமில்லை. என் சமையலைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. அத்தைக்குச் சர்க்கரை வியாதி, அதனால் எல்லாவற்றையும் அவருக்காகவே மாற்றியமைத்தேன். ரவைக்குப் பதில் ஓட்ஸ். எண்ணெய் கிடையாது. தேங்காய் கிடையாது. உப்பு பாதி. கடைசியில் ஆளிவிதைப் பொடி இரண்டு ஸ்பூன். "நல்லா இருந்துச்சுங்களா அத்தை?" என்று ஹாலிலிருந்து கேட்பேன். "அருமைங்க" என்பார் சமையலறையிலிருந்து. இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று நானே என்னை மெச்சிக்கொள்வேன்.

அவருடைய பக்தியைப் பார்த்துத்தான் நான் அசந்துபோனேன். செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம் என்று முருகனுக்கும் அவன் அப்பாவுக்கும் மாற்றி மாற்றி ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. அந்த நாட்களில் காலையிலும் சாயங்காலமும் ஒரு பழமும் ஒரு டம்ளர் பாலும் மட்டும். நானோ பிள்ளையார் சதுர்த்தியைக்கூட கொழுக்கட்டை வந்தால்தான் தெரிந்துகொள்கிற ஆள். "உங்கம்மா மாதிரி விரதம் இருக்க யாராலயும் முடியாது" என்று வான்மதியிடம் சொன்னேன். அவள் பாதித் தூக்கத்தில், "விரதம்னா மாத்திரை வேண்டாம்னு சொல்லியிருக்கேன், அதெல்லாம் அவங்களுக்குத் தெரியும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். என் காதில் அது ஏறவில்லை. அவள் எனக்கு ஆரம்பத்தில் இட்ட கட்டளை ஒன்றே ஒன்றுதான்: காலையில் அம்மா மாத்திரையை மறக்காமல் எடுத்துக் கொடு. அதை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

பிப்ரவரியில் அந்த வியாழக்கிழமை ஐஸ் மழை பெய்தது. முதல் நாளே கடைகளில் பழம், பால், ரொட்டி எல்லாவற்றையும் ஜனங்கள் வழித்துக்கொண்டு போயிருந்தார்கள். நான் சாவகாசமாகப் போய்க் காலி அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தேன்; வீட்டிலும் பழம், பால் தீர்ந்திருந்தது. புதன் சாயங்காலம் டியூட்டிக்குப் போன வான்மதியை, ரோடு மோசமாக இருக்கிறது, அங்கேயே தங்கு என்று ஆஸ்பத்திரியில் நிறுத்திக்கொண்டார்கள். விடிவதற்குள் தெருமுனை ஓக் மரம் ஐஸ் பாரம் தாங்காமல் கரண்ட் கம்பி மேல் சாய்ந்தது. ஹீட்டர் நின்றது. அடுப்பு நின்றது. காலையில் நான் சமையலறைக்குப் போனபோது அத்தை இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் சேலையைச் சுற்றி, செத்துக் கிடந்த ஃப்ரிட்ஜின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டார். முந்தின நாள் ஓட்ஸ் உப்புமா ஒரு பாத்திரம் நிறைய இருந்தது. ஆறிப்போய்க் கெட்டியாக இருந்தாலும் சாப்பிட முடியாதது இல்லை.

"கொஞ்சம் வைக்கட்டுங்களா அத்தை?"

"இன்னைக்குச் சஷ்டிங்க" என்றார் ஃப்ரிட்ஜிடம். "ஒண்ணும் வேண்டாமுங்க. நீங்க சாப்பிடுங்க."

சரி, முருகன் பாடு அவர் பாடு என்று நான் ஒரு கிண்ணம் தின்றுவிட்டு, காருக்குள் உட்கார்ந்து போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் கலந்துகொண்டேன். உச்சிப்பொழுதுக்கு வீட்டுக்குள் வந்தபோது அவர் அறைக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்டது. வான்மதியோடு போனில் பேசுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் அவர் போன் சமையல் மேடைமேல் கிடப்பதைப் பார்த்தேன்.

கதவுக்கு வெளியே நின்று, "அத்தை" என்றேன். அந்த அறைக்குள் நான் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. உள்ளே அவர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். "அந்தக் கன்னுக்குட்டிய அவுத்து உட்ராதடா, வாழக்குள்ள போயிரும்." மறுபடி கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவைத் தள்ளினேன்.

மூச்சு விட்டால் புகை வருகிற குளிர் அந்த அறையில். அத்தையின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஸ்வெட்டர் கழுத்துப் பட்டை நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்த்தார், ஆனால் என்னை யாரென்று தெரிந்து பார்த்த மாதிரி இல்லை. அவர் பையைக் கவிழ்த்துக் கொட்டி, சர்க்கரை பார்க்கும் மெஷினைத் தேடி எடுத்து, விரலில் குத்தினேன். நாற்பத்தொன்பது என்று காட்டியது.

அது எவ்வளவு குறைவு என்று தெரிந்துகொள்ள டாக்டர் பெண்டாட்டி தேவையில்லை. ஓடிப்போய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் அள்ளிப் போட்டுக் கலக்கி வாயருகே கொண்டுபோனேன். தலையைத் திருப்பிக்கொண்டார்.

"விரதமுங்க."

"தண்ணிதானுங்க அத்தை."

பாதி உள்ளே போனது, பாதி சேலையில். ஆம்புலன்ஸுக்காக 911க்குப் போன் போட்டேன். பேசிய பெண் நிதானமாகத்தான் பேசினாள். ரோடெல்லாம் ஐஸ், வண்டிகள் எல்லாம் வெளியே இருக்கின்றன, உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன், வர நேரமாகும், முழித்திருக்கிறாரா, விழுங்குகிறாரா, அப்படியென்றால் ஏதாவது கொடுத்துக்கொண்டே இருங்கள், மயங்கினால் உடனே கூப்பிடுங்கள் என்றாள். நானே கொண்டுபோய்விடலாம் என்று காரை எடுத்தேன். கார் டிரைவ்வேயில் தானாகவே வழுக்கிக்கொண்டு போய்த் தபால் பெட்டியைச் சாய்த்து, அதன்மேல் சாய்ந்து நின்றுவிட்டது. அதை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன். வாசற்படியில் விழுந்து முழங்கைத் தோல் போனதெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது.

அப்போதுதான் வான்மதி கூப்பிட்டாள். நான் அனுப்பிய மெசேஜை அந்த நிமிஷம்தான் பார்த்திருக்கிறாள். அம்மா எதிரில் என்றால் என்னை வாங்க போங்க என்பாள். போனில் அதெல்லாம் கிடையாது.

"மாத்திரை குடுத்தியாடா?"

"குடுத்தேன்."

"அம்மா சாப்பிட்டாங்களா?"

"இன்னைக்குச் சஷ்டியாம்."

சட்டென்று டாக்டராக மாறினாள். "கேளு. அந்த மாத்திரை நாள் பூரா வேலை செய்யும். சர்க்கரைத் தண்ணி கொஞ்ச நேரம்தான் தாங்கும், மறுபடி இறங்கிடும். வயித்துல நிக்கிற மாதிரி ஏதாவது குடு. சோறு, பிரெட், எதுவா இருந்தாலும் சரி. சபரி, ப்ளீஸ், அம்மா தூங்கிடக் கூடாது." யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். லைன் போய்விட்டது.

வயிற்றில் நிற்கிற மாதிரி என்னிடம் இருந்தது ஓட்ஸ் உப்புமாதான். கொண்டுபோய் ஒரு ஸ்பூன் வாயருகே வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சர்க்கரைத் தண்ணீருக்கு முகத்தைத் திருப்பியவர் உப்புமாவுக்குப் பல்லைக் கிட்டித்துக்கொண்டார். சமைச்சது ஆகாது, விரதம் என்று பல்லுக்குள்ளேயே சொன்னார். விரதத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன், முருகனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். மிரட்டினேன். "செத்துப்போயிருவீங்க அத்தை" என்று கத்தியேவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி கலக்கிக் கொடுத்த சர்க்கரைத் தண்ணீர் அப்படியே வாந்தியாக வெளியே வந்தது. மெஷின் ஐம்பத்தொன்று என்றது. எனக்கு அழுகை வந்தது. ஒருபக்கம் பயம், ஒருபக்கம் ஆத்திரம். ஒரு வாய் சாப்பிடுவதற்குக்கூட இப்படி அடம்பிடிக்கிற மனுஷியை நான் என்னதான் செய்வது.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். ஆம்புலன்ஸ் என்று நினைத்துப் பாய்ந்து திறந்தேன். பக்கத்து வீட்டு எர்லிண்டா ஆன்ட்டி நின்றிருந்தார்.

எர்லிண்டா ஆன்ட்டி பிலிப்பைன்ஸ்காரர். டெலிகாம் கம்பெனி ஒன்றில் ஆடிட்டர். வழுக்காமல் இருக்க ஷூவுக்கு மேலே கம்பளிச் சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு, துண்டு சுற்றிய ஒரு பெரிய குண்டானைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். அந்தக் குண்டான் எனக்குத் தெரியும். பின்கட்டில் கேஸ் பர்னர் வைத்து, தேங்க்ஸ்கிவிங்குக்கு ஒரு முழு வான்கோழியை அதில்தான் எண்ணெயில் முக்கிப் பொரிப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானே பார்த்திருக்கிறேன்.

"சூடா ஏதாவது இருக்கட்டுமேன்னு தெரு பூராவுக்கும் அவிச்சேன்" என்றார் ஆங்கிலத்தில். "எங்க ஊர்ல புயல் அடிச்சு கரண்ட் போனா எல்லார் வீட்டுலயும் இதுதான். காப்பியோட சாப்பிடுங்க." துண்டை விலக்கினார். ஆவி என் முகத்தில் அடித்தது. குட்டை குட்டையாக, பருத்து, பட்டை பட்டையாக இருந்த வாழைப்பழங்கள், தோலோடு அவித்தவை. நம் ஊர் மொந்தன் வாழைக்குத் தூரத்து உறவு மாதிரி இருந்தன. அவர்கள் அதைச் சாபா என்கிறார்கள். தோல் கறுத்து, சிலது வெடித்து, வெடித்த இடத்தில் மஞ்சள் சதை தெரிந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வேறெதுவும் கேட்கவில்லை. சாக்ஸோடு உள்ளே வந்தார். நான் சொல்லச் சொல்ல அறைக்கே வந்து அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். "லோலா, லோலா" என்று பிரியமாகக் கூப்பிட்டார்; அவர்கள் ஊரில் பாட்டிகளை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். என்னிடம் சாக்ஸ் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு பழமாகப் போட்டு, அத்தையின் கால்மாட்டில் போர்வைக்குள் சொருகினார். இன்னும் மூன்று வீடு பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு தட்டு நிறையப் பழமும் பொட்டலத்தில் சர்க்கரையும் வைத்துவிட்டுப் போனார்.

காலில் சூடு பட்டதும் அத்தை கண்ணைத் திறந்தார். தட்டைப் பார்த்தார்.

"என்னதுங்க அது?"

"பழமுங்க அத்தை. வாழைப்பழம்."

"ஆவி வருதே. சமைச்சதுங்களா?"

அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்தது என்றால் அதற்கு நான் யாருக்காவது தேங்காய் உடைக்க வேண்டும். "இல்லீங்க. சும்மா சுடு தண்ணில போட்டு எடுத்தது. தோல்கூட உரிக்கலீங்க. உள்ள ஒருத்தர் கையும் படல, ஒரு பாத்திரமும் படல." வான்கோழியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

அவர் கையை நீட்டினார். நடுங்குகிற விரலால் ஒவ்வொரு பழமாகத் தொட்டுப் பார்த்தார். வெடித்ததை ஒதுக்கினார். முழுசாக இருந்த ஒன்றின் மேல் விரல் நின்றது. தோலோடு இருந்தால் பழம், உரித்து வேகவைத்தால்தான் சமையல் என்று அவருக்குள் ஒரு சட்டம் ஓடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். மயங்கிக்கொண்டிருக்கிற மனுஷி சட்டம் பார்க்கிறாரே என்று நான் தட்டை இன்னும் பக்கத்தில் நகர்த்தினேன்.

"மொதல்ல அவருக்கு வெய்யுங்க" என்றார்.

தலைமாட்டு மேஜையில் சின்னதாக ஒரு பச்சைமலை முருகன் படம் சாய்த்து வைத்திருந்தார். அந்தப் பழத்தை அதன் முன்னால் வைத்தேன். விளக்கு என்றார். வீட்டில் விளக்கு எங்கே இருக்கிறது, தீப்பெட்டி எங்கே இருக்கிறது, எனக்கு என்ன தெரியும். போனில் டார்ச்சைப் போட்டு மூன்று சுற்றுச் சுற்றினேன். காலையில் ஏற்றிய சார்ஜையெல்லாம் மீட்டிங்கே தின்றிருந்தது, பேட்டரி சிவப்பில் இருந்தது. ஆம்புலன்ஸுக்கும் அந்தப் போன்தான், வான்மதிக்கும் அந்தப் போன்தான், இப்போது முருகனுக்கும். அத்தை கண்ணை மூடி, உதடு அசைய, என்னவோ நெடு நேரம் வேண்டினார். சீக்கிரம் முடியுங்களேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பிறகு தோலை உரித்தேன். விரல் சுட்டது. உள்ளே பழம் தங்க நிறத்தில், இறுகி, அவித்த கிழங்கு மாதிரி இருந்தது. நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, அந்த நிலைமையிலும், சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாப்பிள்ளை எதிரில் சாப்பிடக் கூடாதல்லவா. ஒரு கடி கடித்தார். அடுத்த கடிக்குக் கை ஏறவில்லை, பழம் போர்வையில் விழுந்தது. நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவர் தலையைத் தூக்கி என் தோளில் சாய்த்துக்கொண்டு, பழத்தைப் பிட்டுச் சர்க்கரையில் தொட்டு வாயில் வைத்தேன். அப்போது அவர் மறுப்புச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். விழுங்கினார். அடுத்ததைக் கொடுத்தேன், மென்றார், விழுங்கினார். வாந்தி வரவில்லை. எனக்கு அது போதும் என்றிருந்தது.

முதல் பழம் முடிந்து கொஞ்ச நேரம் கழித்து மெஷின் எழுபத்திரண்டு காட்டியது. நான் நம்பவில்லை. இறங்கிவிடும், இறங்கிவிடும் என்று மறுபடி மறுபடி குத்தினேன். பாவம், அவர் விரலெல்லாம் புள்ளியாகப் போய்விட்டது. இரண்டாவது பழத்தின்போது அவரே கையில் வாங்கிக்கொண்டார். மெஷின் தொண்ணூற்றாறு என்றது. வியர்வை நின்றிருந்தது. கை நடுக்கமும் நின்றிருந்தது. கட்டிலிலிருந்து இறங்கிக் கீழே கார்ப்பெட்டில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

911 பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்பாடா என்று அவளும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வழியில் ஒரு வண்டி இருந்தால் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறேன் என்றாள். வெளியே வெயில் எட்டிப் பார்த்தது. கூரையிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டியது. அப்போதுதான் எனக்கும் பசி தெரிந்தது. தட்டில் அத்தை ஒதுக்கிய வெடித்த பழத்தை எடுத்து உரித்துச் சர்க்கரையில் தொட்டுக் கடித்தேன். சூடு இன்னும் இருந்தது. மெல்ல மெல்லத் தித்தித்தது. ரெண்டே வாயில் முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

"சஷ்டி எத்தனை மணிக்குங்க முடியுது அத்தை?" என்றேன், வாயில் பழத்தோடு. "அதுக்கப்புறம் ஏதாவது கெட்டியா சாப்பிடலாம்."

பதில் வரவில்லை. மறுபடி மயக்கமோ என்று திடுக்கிட்டுத் திரும்பினேன். அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவ்வளவு நேராக நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வான்மதியின் கண் அப்படியே இருந்தது.

"இன்னைக்குச் சஷ்டி இல்லீங்க மாப்பிள்ளை."

"நாளைக்குங்களா?"

"நாளைக்கும் இல்லீங்க." கொஞ்ச நேரம் போர்வை நுனியை மடித்தார், பிரித்தார். "போன வாரம் பிரதோஷமுன்னு சொன்னனே, அதும் இல்லீங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

"உங்க ஓட்ஸ் உப்புமா" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். பிறகு, ஒரேயடியாக, மூச்சு விடாமல், "வாயில வெக்க வெளங்கலீங்க மாப்பிள்ளை. நானும் பாத்தேன், பாத்தேன், எறங்கமாட்டேங்குதுங்க. அந்தப் பொடி வேற போடறீங்க, கொழகொழன்னு. நல்ல மனசோட செஞ்சு குடுக்கறீங்க, வேண்டாமுன்னு எப்படீங்க சொல்றது. விரதமுன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

"அப்ப மாத்திரை? விரதம்னா மாத்திரை வேண்டாம்னு வானு சொன்னாளே."

"மாப்பிள்ளை கையால எடுத்துக் குடுக்கறீங்க. அதையும் வேண்டாமுன்னு சொல்ல முடியுமுங்களா? ரெண்டையும் வேண்டாமுன்னா நீங்க என்ன நெனப்பீங்க. ஒருக்கா விரதமுன்னு சொல்லிப்போட்டா அப்பறம் உங்க முன்னால அத மாத்த முடியுமுங்களா."

உப்புமாவுக்கு மரியாதை கொடுக்க முருகனைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு மரியாதை கொடுக்க உயிரையே பணயம் வைத்திருக்கிறார். கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை.

"அதான் மொதல்ல அவருக்கு வெக்கச் சொன்னனுங்க" என்றார், படத்தைப் பார்த்து. "உன் பேரச் சொல்லி இத்தன பொய் சொல்லிப்போட்டேன், இந்த ஒரு தடவ மாப்பிள்ளை மொகத்துக்காகக் காப்பாத்துன்னு வேண்டிக்கிட்டேன். நான் போயிட்டா உங்க மேலயில்லீங்க பழி வரும்."

நான் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அது வெதுவெதுப்பாக இருந்தது. எர்லிண்டா ஆன்ட்டியின் பழங்கள் சாக்ஸுக்குள் இன்னும் ஆறவில்லை. மாப்பிள்ளை காலைப் பிடிக்கிறார் என்று அவர் பதறவில்லை, காலை இழுத்துக்கொள்ளவுமில்லை. "முழங்கையில ரத்தமுங்க" என்று மட்டும் சொன்னார். நான் முதலில் சிரித்தேனா அவர் முதலில் சிரித்தாரா தெரியாது. இரண்டு பேரும் சிரித்தோம்.

போன் அடித்தது. வான்மதி. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"சாப்பிட்டாங்க. தொண்ணூத்தாறு."

அவள் அழுகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் எங்கோ உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "என்ன குடுத்த? உப்புமாவா?" என்றாள்.

அத்தை என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த உப்புமாவ ஆரு திங்கறது? உம்புருஷன் சமையல் வாயில வெக்க வெளங்கல வானு. அந்தப் பிலிப்பைன்ஸ்காரம்மா தோலோட அவிச்ச பழம் கொண்டாந்து குடுத்துச்சு, அதுலதான் உசுரு வந்துச்சு. சாமி, இனிமே எனக்கு அந்த ஓட்ஸே வேண்டாம்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது. பிறகு வான்மதி மெல்ல, டாக்டர் குரலில், என்னைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் இருப்பது அவளுக்குத் தெரியாது.

"சபரி. அம்மா உன் முன்னாடியா இதைச் சொன்னாங்க?"

"என் முகத்தைப் பாத்துத்தான் சொன்னாங்க."

"குழப்பம் இன்னும் தெளியலடா. சுயநினைவோட எங்கம்மா இப்படிப் பேசவே மாட்டாங்க. உடனே இன்னொரு தடவ சுகர் பாரு."

அத்தை விரலை நீட்டினார். குத்தினேன். மெஷின் யோசித்தது. நூற்றெட்டு என்று காட்டியது.

"நார்மல்" என்றேன் போனில்.

"நார்மலா?"

"நார்மல் வானு. நிஜமாத்தான் சொல்றாங்க."

அத்தை தட்டிலிருந்து இன்னொரு பழத்தை எடுத்து உரித்தார். பாதியைப் பிட்டு என்னிடம் நீட்டினார். மீதியைச் சர்க்கரையில் தொட்டு, என் எதிரிலேயே உட்கார்ந்து, சாப்பிட்டார்.